பேஸ்பால் மட்டையின் பிடியில் ஒட்டும் கறுப்புப் படிவு

பழைய பேஸ்பால் மட்டையின் பிடியிலுள்ள கறுப்புப் பிசுபிசுப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம் என்று தோன்றலாம்; அப்படித் தேய்க்க வேண்டாம். சன்னலைத் திறந்துவைத்து, மினரல் ஸ்பிரிட்டில் (பெயிண்டை நீர்க்கப் பயன்படும் பெட்ரோலியக் கரைப்பான்) லேசாக நனைத்த பருத்தித் துணியால் மர ரேகை ஓடும் திசையிலேயே துடைத்தால், அது கரைந்து துணியில் பழுப்பாக இறங்கும்.

அது அழுக்காக இல்லாமல், கை வழுக்காமலிருக்க ஆட்டக்காரர்கள் பூசும் பைன் தாராக (பைன் மரத்திலிருந்து எடுக்கும் பிசுபிசுப்பான தார்) இருக்கலாம். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் விதிப்படி பிடி முனையிலிருந்து 18 அங்குலம் வரை அதைப் பூசலாம் என்பதால், கறை அதற்குள் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள்.

முத்திரையோ கையெழுத்தோ இருந்தால், முதலில் அதன் ஓரத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் மை ஏறினால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும்: அது தொழில்முறைப் போட்டியில் ஆடிய மட்டையென்றால், அந்தத் தாரும் பந்துத் தழும்புகளும்தான் சேகரிப்பாளர்கள் தேடும் அடையாளம் என்பதால், உலர்ந்த துணியால் தூசி துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.