பழைய விமானப்படைத் தளம் அருகே வீடு: கிணற்றுத் தண்ணீரை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆஸ்கோடா அருகே வீடு பார்த்திருக்கிறோம். பக்கத்திலேயே மூடப்பட்ட வர்ட்ஸ்மித் விமானப்படைத் தளம். வீட்டுக்குச் சொந்தக் கிணறுதான். 'சுத்திகரிப்பு எப்போதோ முடிந்துவிட்டது' என்கிறார் வீட்டுத் தரகர். ஃபில்டர் விற்பவரோ இலவசமாகச் சோதித்து, 'இது விஷம்' என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பாதீர்கள்.

முதலில் ஃபில்டர்காரர். தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சியிருப்பார், பழுப்பாகக் கசடு திரண்டிருக்கும். அது கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. நல்ல கிணற்றுத் தண்ணீரிலும் வரும். டிடிஎஸ் மீட்டர் காட்டுவதும் கரைந்த உப்பைத்தான். நீங்கள் தேட வேண்டிய பிஃபாஸ் (PFAS, எளிதில் சிதையாத செயற்கை ரசாயனங்கள்) லட்சம் கோடியில் சில பங்கு. அந்த மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. இந்த வித்தையை நம்பி, உப்பு போட்டு ஓட்டும் மென்னீர்க் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அது கடின நீருக்கான கருவி. இதற்கு உதவாது.

தரகர் சொல்வது அரை உண்மை. அங்கே 1977-இல் தெரியவந்தது டிரைகுளோரோஎத்திலீன், அதாவது இயந்திரப் பிசுக்கு நீக்கும் கரைப்பான். அதற்காக நீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள். 1993-இல் தளத்தை மூடினார்கள். தீயணைப்பு நுரையில் இருந்த பிஃபாஸ் ரசாயனங்கள் தெரியவந்தது 2010-இல்தான். அதன்பின் ஆய்வு, மறு ஆய்வு, கூட்டம், மறுபடி ஆய்வு! 'முடிந்தது' என்று யார் சொன்னாலும், எந்த ரசாயனத்துக்கு என்று கேளுங்கள்.

பிஃபாஸ் வகையில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் 2024-இல் கூட்டாட்சி அரசு வைத்த வரம்பு, லட்சம் கோடியில் தலா 4 பங்கு. ஆனால் அது பொதுக் குடிநீர் வழங்குவோருக்கு. சொந்தக் கிணற்றை அந்தச் சட்டம் கண்டுகொள்ளாது. அதனால் கையெழுத்திடும் முன், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பிஃபாஸ், கரைப்பான்கள் இரண்டுக்கும் தனித்தனியே சோதனை செய்யுங்கள். எந்த ஆய்வகம் என்று உள்ளூர் சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள், விற்பவர்களிடம் கேட்காதீர்கள். முடிவு வந்த பிறகுதான் வாங்குவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பிஃபாஸ் மட்டும் இருந்தால், சமையலறைக் குழாயில் அதற்கெனச் சான்று பெற்ற கரி ஃபில்டரோ ஆர்ஓவோ பெரும்பாலும் போதும். குளிப்பதால் தோல் வழியே உள்ளே போவது மிகக் குறைவு. கரைப்பான் இருந்தால் கதையே வேறு. அது ஆவியாகும். வெந்நீரில் குளிக்கும்போது மூச்சோடு உள்ளே போகும், சமையலறை ஃபில்டர் அதைத் தடுக்காது. வீட்டுக்குள் நுழையும் குழாயிலேயே சுத்திகரிக்க வேண்டும். கொதிக்க வைத்தால்? கரைப்பான் அடுக்களைக் காற்றில் கலக்கும். பிஃபாஸ் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் ஏறும். கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டும்.

கரி ஃபில்டரில் மாற்றிய தேதியை எழுதி ஒட்டுங்கள். கரி நிறைந்துவிட்டால் ரசாயனம் அப்படியே தாண்டி வரும், ருசியில் எதுவும் தெரியாது.