கடையை இரவு 9 மணி வரை திறந்து வைத்தால் லாபம் வருமா?

மாலை 7 மணிக்கு மூடுகிற கடையை 9 மணி வரை நீட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீட்டலாம், ஆனால் அந்த 2 மணி நேரத்தில் கல்லாவில் விழுவதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் 5 மணிக்கு வர வேண்டியவரே சாவகாசமாக 8 மணிக்கு வந்திருக்கலாம். வாரத்தின் மொத்த விற்பனை கூடியதா என்பதுதான் கணக்கு.

வாடகையை எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள், அதை இதில் சேர்க்க வேண்டாம். புதுச் செலவு என்பது பெரும்பாலும் கூடுதல் சம்பளமும் மின்சாரமும்தான். சரக்கு வாங்கிய விலை போக விற்பனையில் 20 சதவீதம் உங்களுக்கு நிற்கிறது என்றால், அந்தச் செலவைப் போல 5 மடங்கு புதிய விற்பனை நடந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும், அதற்கு மேல் விற்பதில்தான் லாபம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து "மூடியாச்சா?" என்று கேட்பவர்களை 2 வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், என்ன கேட்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்து. தினமும் நாலைந்து பேராவது தேறினால் வாரத்தில் 2 நாள் மட்டும், அதே நாட்களில், 2 மாதம் நீட்டிப் பாருங்கள். நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்கும் பழக்கமாகாது.

அப்புறம், காலையில் வந்தவரையே இரவு வரை நிற்க வைக்காதீர்கள், அது எனக்குச் சரியாகவே படவில்லை. மதியம் வருகிற ஆளாக ஒருவரைப் போடுங்கள். கல்லாவை எண்ணி மூடும்போது இரண்டு பேர் இருக்கட்டும்.