ஆள் ஒருவர், மகுடம் 15

கேள்வி: கனடா, ஆஸ்திரேலியா, ஜமைக்கா எல்லாம் சுதந்திர நாடுகள் என்கிறார்கள். ஆனால் அங்கேயும் சார்லஸ்தான் மன்னர். அப்படியென்றால் அவை இன்னமும் பிரிட்டனுக்குக் கீழேதானே?

பதில்: கீழே எல்லாம் இல்லை. ஆள் ஒருவர்தான், ஆனால் பதவி 15. கனடா விஷயத்தில் அவர் கனடாவின் மன்னர், அந்த நாட்டு அமைச்சர்கள் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரதமருக்கு அதில் வாய் திறக்கவே இடமில்லை. 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில்தான் இதற்கு வழி பிறந்தது. டொமினியன் நாடுகள், அதாவது பிரிட்டிஷ் மன்னரையே தங்கள் மன்னராக வைத்துக்கொண்டு தம்மைத் தாமே ஆண்ட கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள், கேட்டுக்கொண்டு சம்மதித்தால் ஒழிய அவற்றுக்காக இனி சட்டம் போட மாட்டோம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதில் எழுதிக் கொடுத்துவிட்டது.

இது வெறும் காகித வித்தியாசம் என்று நினைக்கிறவர்கள் 1936 டிசம்பரைப் பார்க்கலாம். காதலுக்காக முடி துறந்தாரே எட்டாம் எட்வர்ட், அவர் கையெழுத்துப் போட்டது 10-ம் தேதி. தென்னாப்பிரிக்கா அன்றிலிருந்தே அவர் மன்னர் இல்லை என்றது, பிரிட்டனில் 11-ம் தேதி பதவி போனது, அயர்லாந்து தன் சட்டத்தை 12-ம் தேதிதான் நிறைவேற்றியது. ஆக, பிரிட்டனில் தம்பி ஆறாம் ஜார்ஜ் மன்னராகிவிட்ட பிறகும் அயர்லாந்துக்கு ஒரு நாள் அண்ணன்தான் ராஜா!

அப்புறம் 1939. பிரிட்டன் செப்டம்பர் 3 அன்று ஜெர்மனிமீது போர் அறிவித்தது, கனடா தன் நாடாளுமன்றத்தில் பேசி முடித்து 10-ம் தேதிதான் அறிவித்தது. அந்த ஒரு வாரம் அதே ஜார்ஜ் ஒரு நாட்டின் மன்னராகப் போரில் இருந்தார், இன்னொரு நாட்டின் மன்னராகப் போரில் இல்லை. இதைவிட வேடிக்கை, 1947-ல் காஷ்மீரில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது இரண்டுமே டொமினியன்கள், இரண்டுக்கும் அவரே ராஜா. சண்டையை நிறுத்தச் சொல்லி அவர் உத்தரவு போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

கேள்வி: வாரிசுச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறினால்?

பதில்: மன்னரும் மாறிவிடுவார். 1714-லிருந்து பிரிட்டனுக்கும் ஜெர்மனியின் ஹனோவருக்கும் ஒரே அரசர்தான். 1837-ல் விக்டோரியா அரியணை ஏறியபோது, ஆண் வாரிசு இருக்கையில் பெண்ணுக்கு இடமில்லை என்ற ஹனோவர் சட்டம் குறுக்கே நின்றது. அங்கே அவருடைய சித்தப்பா மன்னரானார், அத்தோடு உறவு முடிந்தது. இந்த பயத்தில்தான், மூத்தது பெண்ணானாலும் தம்பிக்கு முன்னால் அவளுக்கே முடி என்று மாற்ற நினைத்தபோது, அப்போதிருந்த 16 நாடுகளும் 2011-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேசி ஒப்புக்கொண்டன. தேவையான சட்டங்களை எல்லாம் முடித்து அது நடைமுறைக்கு வர 2015 மார்ச் ஆகிவிட்டது.