பழைய எஃகுக் கைத்துப்பாக்கியா, புது பாலிமரா: எது தேவலை?

எதற்கு என்பதைப் பொறுத்தது. இலக்குப் பயிற்சிக்கு மட்டும் என்றால் என் ஓட்டு எஃகுக்கே. 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1911, தோட்டா இல்லாமலே சுமார் 1.1 கிலோ. அந்தக் கனம்தான் பின்னுதைப்பை வாங்கிக்கொள்கிறது. சுட்டதும் முனை அதிகம் துள்ளாது, அடுத்த குறி சீக்கிரம் அமையும். விசையும் சிறிது தூரமே நகர்ந்து சட்டென்று விடுபடும்.

நாள் முழுக்க இடுப்பில் சுமப்பதென்றால் கதையே வேறு. 1980-களில் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட, பாலிமர் (ஒருவகைப் பிளாஸ்டிக்) சட்டகம் கொண்ட குளோக் 17 எவ்வளவோ இலேசு. தோட்டாவோ 7-க்குப் பதில் 17. வியர்வை பட்டாலும் சட்டகம் துருப்பிடிக்காது. (பிளாஸ்டிக் என்பதால் உலோகச் சோதனையில் சிக்காது என்பது கட்டுக்கதை. குழல் எஃகுதான்.) அப்புறம், வழக்கமான குளோக்கில் கட்டைவிரலால் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. எம்1911-இலிருந்து மாறுபவர்களுக்கு இது பழகச் சில நாள் ஆகும்.