ஃபாஸ்டிங் குரூப்பில் கை நடுங்கினால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 43, ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. உயரம் 154 செ.மீ., எடை 76 கிலோ. மூன்று வருடமாக சுகர் இருக்கிறது. காலையில் க்ளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும். இரண்டு மாதத்துக்கு முன் கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் என்னை ஒரு இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார். மதியம் 12 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் மட்டும்தான் சாப்பாடு. முதல் மாதம் 3 கிலோ குறைந்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் பத்தரை மணி வாக்கில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பாடம் நடத்தும்போது வார்த்தை தடுமாறுகிறது. குரூப்பில் சொன்னால், "உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது, உப்புத் தண்ணீர் குடியுங்கள், விரதத்தை முறிக்காதீர்கள்" என்கிறார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டேன். அதைச் சொன்னதற்கு ஒருவர், "மன உறுதி இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது" என்று போட்டார். அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த குரூப் இல்லாவிட்டால் ஒரு வாரம்கூட நான் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். வெளியே வந்துவிடவா, தொடரவா?

பதில்: நாளைக் காலை இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். குரூப்பைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இது.

உங்களுக்கு நடப்பது கழிவு வெளியேற்றம் இல்லை, லோ சுகர். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் தோன்றுவது அதுதான். க்ளைமிபிரைட் என்ற மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. அதனால்தான் அதைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்கிறோம். நீங்கள் பழைய நேரத்துக்கே மாத்திரையைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி வரை வெறும் வயிற்றில் இருந்தால், நடுவில் பத்து, பத்தரைக்கு சர்க்கரை கீழே இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதுதான். நடுக்கமும் வியர்வையும் உடம்பு அடிக்கும் அபாய மணி. வார்த்தை தடுமாறுவது அதைவிடக் கவலைக்குரியது, ஏனென்றால் மூளைக்கே குளுக்கோஸ் போதவில்லை என்பதன் அடையாளம் அது. அதைத் தாண்டினால் மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். நீங்கள் ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போகிறவராக இருந்தால், இது சரியாகும் வரை தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உங்களுக்குச் சந்தோஷமான விஷயம். எடை குறையக் குறைய இன்சுலின் நன்றாக வேலை செய்யும், சர்க்கரை தானாகவே இறங்கும். 79 கிலோவில் எழுதிக் கொடுத்த டோஸ் 76 கிலோவில் உங்களுக்கு அதிகமாகியிருக்கலாம். அதாவது உங்கள் முயற்சி பலித்திருக்கிறது, மாத்திரைதான் அதற்கேற்ப மாறவில்லை. இதில் மன உறுதிக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. அன்றைக்கு அந்த இரண்டு பிஸ்கட்டைச் சாப்பிட்டீர்களே, அதுதான் சரி. நீங்கள் அழ வேண்டிய விஷயமே இல்லை.

இனி அப்படி வந்தால் பிஸ்கட்டைவிட வேகமாக வேலை செய்வது சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள், 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள், தேறியதும் ஏதாவது திடமாகச் சாப்பிடுங்கள். மீட்டர் கையில் இல்லை என்றால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், குடித்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் இந்த இடத்தில் ஒன்றுமே செய்யாது. அதைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் ஆபத்து. கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் குளுக்கோஸ் இருக்கட்டும், பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருவருக்காவது உங்களுக்கு சுகர் மாத்திரை உண்டு, இப்படி வரும் என்று தெரிந்திருக்கட்டும்.

மாத்திரையை நீங்களே நிறுத்தவும் கூடாது. "நான் எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டேன்" என்று இந்த மாதிரி குரூப்புகளில் பெருமையாக எழுதுகிறவர்கள் இருப்பார்கள், அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் வரை காலை உணவோடு சேர்த்து வழக்கம்போல் போடுங்கள். சாப்பிட்ட பிறகும் லோ சுகர் வந்தால், அல்லது ஒருமுறையாவது 70-க்குக் கீழே காட்டினால், அன்றே கூப்பிட்டுக் கேளுங்கள். எப்படியும் இந்த வாரத்துக்குள் நேரில் போய்விடுங்கள். க்ளைமிபிரைடைக் குறைப்பதா, நிறுத்துவதா, தாழ் சர்க்கரை அவ்வளவாக வராத வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை உங்கள் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியேட்டினின் (கிட்னி பரிசோதனை) எல்லாம் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. அதனால் குரூப்பில் மெட்ஃபார்மின் மட்டும் போடுகிற ஒருவர் "எனக்கும் சுகர்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் மாத்திரை வேறு, அவ்வளவுதான்.

சுகர் இருப்பவர் விரதமே இருக்க முடியாதா என்றால், முடியும். ரமலான் மாதத்தில் எத்தனையோ சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைக்கிறார்கள். அவர்களில் கவனமானவர்கள் மாதம் பிறப்பதற்கு முன்பே டாக்டரிடம் வந்து எந்த மாத்திரையை சஹருக்குப் போடுவது, எதை இஃப்தாருக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ அந்த நிமிடமே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது அதற்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். உடம்பு சரியில்லாதவர்களுக்கு மார்க்கமே விலக்கு கொடுத்திருக்கிறது. கடவுளுக்காக வைக்கும் நோன்பிலேயே இவ்வளவு இடம் இருக்கும்போது, எடை குறைக்க இருக்கும் விரதத்தில் "முறிக்காதே" என்று ஒரு குரூப் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, கோபம்தான் வருகிறது.

சரி, இப்போது குரூப். துணை இருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன் என்கிறீர்கள், அது முழுக்க உண்மையாக இருக்கும். 1999-ல் அமெரிக்காவில் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடை குறைப்புப் பயிற்சிக்குத் தனியாக வந்தவர்களையும், மூன்று நண்பர்களோடு சேர்ந்து வந்து ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பயிற்சியும் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 76 சதவீதம் பேர்தான் பயிற்சியை முடித்தார்கள், 24 சதவீதம் பேரால்தான் குறைத்த எடையைப் பத்தாவது மாதம் வரை முழுதாகத் தக்கவைக்க முடிந்தது. நண்பர்களோடு வந்தவர்களில் 95 சதவீதம் பேர் முடித்தார்கள், 66 சதவீதம் பேர் தக்கவைத்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'மூன்று நண்பர்கள்'. முகம் தெரிந்த, உங்களுக்கு என்ன நோய், வீட்டில் என்ன நிலைமை என்று அறிந்த மூன்று பேர்.

உங்கள் பிஸ்கட் விஷயத்தைப் படித்தபோது ஜீன் நைடெட்ச் நினைவுக்கு வந்தார். நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த குடும்பத் தலைவி, 1961-ல் எடை குறைக்க முயன்றுகொண்டிருந்தார். குளியலறையில் பிஸ்கட்டை ஒளித்து வைத்துச் சாப்பிடும் பழக்கத்தை அவரால் கிளினிக்கில் சொல்ல முடியவில்லை. குண்டாக இருந்த தன் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கதையைச் சொன்னார்கள். அந்தச் சின்னக் கூட்டம்தான் 1963-ல் வெயிட் வாட்சர்ஸ் என்ற எடை குறைப்பு நிறுவனமானது. பிஸ்கட் சாப்பிட்டேன் என்று சொல்வதற்குத்தான் அப்படி ஓர் இடமே வேண்டும். சொன்னவரை அழ வைத்தால் அடுத்த முறை அவர் மறைப்பார், லோ சுகரையும் சேர்த்து மறைப்பார்.

நமக்குப் பக்கத்திலேயும் ஓர் உதாரணம் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகர் வரும் அபாயம் உள்ள ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2018-ல் வெளிவந்தது. அதில் ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்துக் குழுத் தலைவர்களாக்கி, அக்கம்பக்கத்தில் கூடிப் பேச வைத்தார்கள். இரண்டு வருடத்தில் சுகர் வருவது பெரிதாகக் குறைந்துவிடவில்லை, ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடிப்பழக்கம் குறைந்தது. துணையால் ஆகக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். தினசரிப் பழக்கத்தை மாற்ற அது பெரிய பலம். மருந்தின் அளவு அங்கே முடிவாகக் கூடாது.

எடை ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். முதல் மாதம் குறைந்ததில் ஒரு பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் சர்க்கரை கரையும்போது அதோடு ஒட்டியிருந்த நீரும் போகும், அது ஒருமுறைதான் நடக்கும். அதற்குப் பிறகு குறைவது நீங்கள் மொத்தமாகச் சாப்பிடும் அளவைப் பொறுத்தது. 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். எல்லோருக்கும் கலோரி அளவு குறைக்கப்பட்டது, பாதிப் பேர் மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும். அவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அது பெரிய வித்தியாசமில்லை. 2020-ல் வெளிவந்த சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வில் அளவைப் பற்றி எதுவும் சொல்லாமல் 12 முதல் 8 மணி வரை மட்டும் சாப்பிடச் சொன்னபோது 12 வாரத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆக, பன்னிரண்டு மணிக்குப் பசியோடு உட்கார்ந்து தட்டு நிறையச் சோறு, நாலு மணிக்குப் பால் காபியோடு பஜ்ஜி, எட்டு மணி ஆகிவிடப் போகிறதே என்று அவசரமாக நாலு தோசை என்று போனால் கடிகாரம் மட்டும் உதவாது. உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, குரூப்பிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், மணியைத்தான் கேட்டிருப்பார்கள்.

16 மணி நேரம் ஆனால் 'ஆட்டோபேஜி', அதாவது செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது, தொடங்கி செல்கள் எல்லாம் புதிதாகும் என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 2016-ல் அதற்காக நோபல் பரிசு வாங்கிய யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களில் அதைக் கண்டறிந்தவர். மனிதருக்குப் பதினாறாவது மணியில் ஒரு கதவு திறக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பதினைந்தரை மணி நேரத்தில் சாப்பிட்டதால் எதுவும் வீணாகிவிடாது.

உங்களுக்கு நான் சொல்வது 12 மணி நேர இடைவெளி. இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்தால் காலை ஏழரைக்கு உணவு, மாத்திரையும் அதோடு. மருந்து மாறிய பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூட்டுவதானால் காலை உணவை விடாமல் இரவுச் சாப்பாட்டை முன்னால் கொண்டு வருவது உங்கள் பள்ளி வேலைக்கும் ஒத்துவரும். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராம் அளவுக்கு வேண்டும், இல்லாவிட்டால் குறைவது தசையாக இருக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டலில் 10 கிராமுக்கு மேல், பருப்பு, தயிர், மீன் என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். கிட்னியில் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவு வேறு. உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 32 வருகிறது, குறைக்கத்தான் வேண்டும், ஆனால் அவசரம் இல்லை. 79-லிருந்து 5 சதவீதம் என்றால் 4 கிலோ, அதில் 3 கிலோவை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

வெளியே வருவதா என்ற கேள்விக்கு இப்படிச் செய்யுங்கள். உங்களுக்கு வந்தது லோ சுகர் என்பதைக் குரூப்பில் எழுதுங்கள். கூடவே இதையும் போடுங்கள்: இன்சுலின் அல்லது க்ளைமிபிரைட், க்ளிக்லசைட், க்ளிபென்க்ளமைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள், டபாக்ளிஃப்ளோசின் வகை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்) மாத்திரை எடுப்பவர்கள், பிபிக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நீண்ட நேரம் பட்டினி இருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், முன்பு எப்போதாவது சாப்பாட்டை வெறுத்து ஒதுக்குவதும் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதுமாக அவதிப்பட்டவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். அட்மின் இதை ஏற்று எல்லோருக்கும் தெரிய வைத்தால் தாராளமாக இருங்கள், உங்களால் இன்னொருவருக்கும் நல்லது நடக்கும். மறுபடியும் யாராவது நடுக்கத்தோடு வந்து அவரிடம் "முறிக்காதே" என்று சொல்லப்பட்டால் அன்றைக்கே வெளியேறிவிடுங்கள்.

எது நடந்தாலும், உங்களைச் சேர்த்துவிட்ட அந்த டீச்சரையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து ஸ்டாஃப் ரூமிலேயே ஒரு சின்னத் துணை அமைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மைதானத்தில் பத்து நிமிடம் நடப்பது, யாராவது பிறந்தநாளுக்கு கேக் கொண்டு வந்தால் நாலு பேரும் ஒரே துண்டைப் பங்கு போடுவது, சனிக்கிழமைதோறும் எடை பார்ப்பது, மாதம் ஒருமுறை இடுப்பளவு. தினமும் எடை போட்டு எண்ணைச் சொல்லவும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். யாருக்காவது ஒரு வாரம் சரியாகப் போகவில்லை என்றால் "ஏன் விட்டாய்" என்று கேட்காமல் "வீட்டில் என்ன நடந்தது" என்று கேளுங்கள். பெண்கள் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை விடுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது: மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, இரவு பதினொரு மணிக்குத்தான் படுக்க முடிந்தது.

டாக்டரிடம் போகும்போது நடுக்கம் வந்த நாட்கள், நேரம், மாத்திரை போட்ட நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அவர் மருந்தை மாற்றிய பிறகு முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும் பதினொரு மணிக்கும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள், அந்த அளவுகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.