அடிமுதல் எழுத்துகளில் ஒரு பெயர்: கவிஞர் வைத்ததா, தானாக வந்ததா?

கேள்வி: பழைய பாடல் தொகுப்பு ஒன்றில், ஒரு விருத்தத்தின் நான்கு அடிகளுடைய முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் வ, சு, ம, தி என்று வருகிறது. ‘வசுமதி’ என்ற பெயரைக் கவிஞர் ஒளித்து வைத்திருக்கிறாரா? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: நீங்கள் கண்டதைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்ச் செய்யுளில் அடிகளின் முதல் எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாவது அரிது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் வராது. ‘தமிழ்’ என்ற சொல்லையே இப்படி ஒளிக்க வழியில்லை, ஏனென்றால் ‘ழ்’ என்று தொடங்க ஓர் அடி கிடைக்காது. இதற்கு மேல் எதுகை வேறு. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றும்போது, முதல் எழுத்துகள் எல்லாம் குறிலாகவோ எல்லாம் நெடிலாகவோ நிற்க வேண்டும். அதனால் ‘மாதவி’கூட ஒரே விருத்தத்துக்குள் அமையாது. வசுமதியில் நான்கும் குறில், நான்கும் மொழிமுதலில் வரக்கூடியவை. ஆனால் அரிதாக இருப்பது மட்டுமே சான்றாகிவிடாது.

முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு. ஓலைச்சுவடியில் பாட்டை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கம் இல்லை, தொடர்ச்சியாகவே எழுதிப் போவார்கள். இன்று பக்கத்தில் காணும் வரிகள் பதிப்பாசிரியர் பிரித்தவை. நீண்ட விருத்தத்தின் ஓர் அடியை இரண்டு வரியாக அச்சிடுவதும் உண்டு. நீங்கள் படித்தவை உண்மையிலேயே அடிகளின் தொடக்கம்தானா, அச்சு வரிகளின் தொடக்கமா என்று பாருங்கள். அதற்கு எதுகையே வழிகாட்டும்: நான்கு இடத்திலும் இரண்டாம் எழுத்து ஒன்றினால் அவை அடிகள். சந்தி பிரித்த பதிப்பு என்றால், பிரிக்காத பதிப்பு ஒன்றோடும் ஒப்பிடுவது நல்லது.

அடுத்தது, பக்கத்துப் பாடல்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: இதே அமைப்பு தொடர்ந்து வந்தால் அது திட்டமிட்டது, ஓரிடத்தில் மட்டும் வந்தால் தற்செயலாகவும் இருக்கலாம். 1499இல் வெனிசில் அச்சான ‘ஹிப்னெரோடோமாகியா போலிஃபிலி’ என்ற நூலில் 38 அதிகாரங்கள். அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால், துறவி பிரான்செஸ்கோ கொலோன்னா போலியா என்ற பெண்ணை மிகவும் நேசித்தார் என்ற முழு லத்தீன் வாக்கியம் கிடைக்கிறது. ஓர் எழுத்து மிஞ்சவில்லை, ஓர் எழுத்து குறையவில்லை. இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. மறுபக்கம் ஹோமரின் இலியட். அதன் 24ஆம் காண்டத்தின் முதல் ஐந்து அடிகளின் தொடக்க எழுத்துகள் ‘லெவ்கே’ என்ற கிரேக்கச் சொல்லாகின்றன; ‘வெண்மையானது’ என்று பொருள். ஆனால் அந்த இடத்துக் கதையோடு அது ஒட்டவில்லை, ஆகவே அது தானாக விழுந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. ஆயிரக்கணக்கான அடிகள் உள்ள நூலில் இப்படி ஒன்றிரண்டு விழத்தான் செய்யும்.

மூன்றாவது, பாட்டுக்குள்ளேயே ஒரு சாடை இருக்கிறதா என்பது. ஒளித்து வைப்பவருக்கு யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். கிரேக்கக் கவிஞர் அராட்டஸ் மெல்லிய பிறை நிலவைப் பாடும் இடத்தில் ‘லெப்தே’, அதாவது ‘மெல்லியது’, என்ற சொல் ஐந்து அடிகளின் முதல் எழுத்துகளில் கீழ்நோக்கி ஓடுகிறது. அதே சொல்தான் முதல் அடியின் முதல் சொல்லும்! இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய அந்தப் பாட்டில் இந்த அமைப்பை 1960இல்தான் ஓர் அறிஞர் எடுத்துக்காட்டினார். உங்கள் பாட்டிலும் இப்படித் தேடுங்கள். வசுமதி என்றால் பூமி. பாட்டு மண்ணையோ நிலமகளையோ பேசினால், அல்லது அந்தப் பெயருடைய ஒருத்தியை நோக்கி எழுதப்பட்டிருந்தால், வேண்டுமென்றே வைத்தது என்பதன் பக்கம் நான் சாய்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் ஒளித்துப் பாடுவதற்குத் தனி மரபே உண்டு. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சித்திரகவிகளை, அதாவது எழுத்து விளையாட்டுப் பாடல்களை, வரிசைப்படுத்தும்போது கூடசதுக்கம், காதை கரப்பு என்றெல்லாம் பெயர் சொல்கிறது. கூடசதுக்கத்தில் நான்காம் அடியின் எழுத்துகள் முதல் மூன்று அடிகளுக்குள் மறைந்து கிடக்கும். காதை கரப்பில் ஒரு பாட்டின் எழுத்துகளை ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் வேறொரு பாட்டு கிடைக்கும். அப்படிப்பட்ட பாடல்களின் தலைப்பில் அவற்றின் வகைப் பெயரையே போட்டிருப்பார்கள். உங்கள் தொகுப்பில் சித்திரகவி வேறு எங்காவது இருந்தால், இந்தக் கவிஞருக்கு எழுத்து விளையாட்டில் கைப்பழக்கம் உண்டு என்று தெரிந்துவிடும்.

கணினியில் தேடப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ‘சு’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ச என்றும் உகரக் குறி என்றும் இரண்டு. எளிய நிரல்கள் முதல் துண்டை மட்டும் எடுத்து ‘வசமத’ என்று காட்டிவிடும். பாடல்கள் கொஞ்சம்தான் என்றால் ஒரு நோட்டில் கையால் எழுதிப் பார்ப்பதே மேல். உங்கள் விருத்தத்துக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து பாடல்களின் அடிமுதல் எழுத்துகளை எழுதுங்கள். அவற்றில் ஒன்றிலாவது இன்னொரு பெயர் கிடைத்தால், அப்புறம் தொகுப்பு முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும்.