தாய் மீன் கடலிலேயே இருக்கட்டும்

கேள்வி: ஒரு மீன் இனம் குறைந்துபோனால், பொரிப்பகத்தில் லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்துக் கடலில் விட்டால் போதாதா? மீன்பிடிப்பைக் குறைத்து மீனவர் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும்? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நெடுங்காலம் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவள் நான். குஞ்சு விட்டே கடலை நிரப்ப முடியுமென்றால் என்னைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார்கள். ஆனால் முடியவில்லையே!

பொரித்து இரண்டு மூன்று நாளான குஞ்சை நுண்ணோக்கியில் பாருங்கள். கண்ணாடி இழைபோல உடல், மிளகுத்தூள் அளவுக்குக் கண், வயிற்றில் கரைந்துகொண்டே வரும் மஞ்சள்கரு. அது தீர்வதற்குள் அந்தக் குட்டி வாய்க்குள் நுழையும் இரை கிடைத்தாக வேண்டும். தொட்டியில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய உயிரியைப் பெருக்கி நாங்கள் ஊட்டுவோம். கடலில் இரை கிடைத்தால்தான் உண்டு. அப்போதும் பெரும்பாலானவை வேறு மீன்களுக்கு இரையாகிவிடும். நார்வேயின் ஃப்ளோடவிகன் பொரிப்பகத்தில் 1880களில் தொடங்கி 1971 வரை, குளிர்ந்த கடலில் வாழும் காட் (cod) என்ற மீனின் குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் விட்டார்கள். அதனால் மீன்பாடு கூடியது என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை.

குஞ்சை விரல் நீளத்துக்கு வளர்த்து, இடம்விட்டு இடம் அதிகம் போகாத இனமாகப் பார்த்து விட்டால் ஓரளவு பலன் உண்டு. செலவு எக்கச்சக்கம். சில ஜோடிகளிலிருந்தே எல்லாக் குஞ்சும் வந்தால் மீன்களின் மரபணு வேறுபாடும் சுருங்கும்.

சரி, கடலில் முட்டையிடுவது யார்? பெரிய தாய் மீன்கள். 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பெண் காட், 2 கிலோ எடையுள்ள 28 பெண் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடும். வலையில் முதலில் காலியாவதும் அந்தப் பெரியவைதான். பத்து வயதுத் தாய் மீனை எந்தப் பொரிப்பகத்தாலும் ஒரே வருடத்தில் தர முடியாது. அதனால்தான் பிடிப்பைக் குறைக்கச் சொல்கிறோம்.

குறைத்தால் மீன் திரும்பும். கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் நீலத்துடுப்புச் சூரை அழிவின் விளிம்புக்குப் போனது. 2009இல் 22,000 டன்னாக இருந்த ஒதுக்கீட்டை, அதாவது ஆண்டுக்குப் பிடிக்க அனுமதித்த அளவை, மறு ஆண்டே 13,500 டன்னாக வெட்டினார்கள். பொதுவாக 30 கிலோவுக்குக் குறைந்த மீனைத் தொடக்கூடாது என்ற விதியும் இருந்தது. 2021இல் அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்தே இறங்கிவிட்டது. எனக்கு எத்தனை நிம்மதி!

மீனவர் வயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள், நியாயமான கேள்வி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 1968இல் 8 லட்சம் டன் காட் பிடித்தார்கள். குறைக்க வேண்டிய காலத்தில் குறைக்காமல் 1992 ஜூலையில் காட் பிடிப்பையே ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. 2024இல் தடையை விலக்கியபோது கிடைத்த ஒதுக்கீடு வெறும் 18,000 டன். வயிற்றில் அடித்தது அந்தத் தாமதம்தான். முன்கூட்டியே கொஞ்சம் குறைத்து, அந்த இடைவெளிக்கு மீனவர் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கலாம். புதுப் பொரிப்பகம் கட்ட வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குத்தான் எடுக்க வேண்டும் என்பேன்.